சீனி வருத்தமும் எங்கள் சோற்றுப் பீங்கானும்

(தண்ணீரூற்றில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில், சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், சேமலாப நிதி, காணி உறுதி என்றுதான் பேசுவோம். இன்றைக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் கூலிப் பிரச்சினைதான். நாட்கூலிக்காரருக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண் வந்தால் மூன்று மாதம் வேலை இல்லை. விரலை எடுத்தால், காலை எடுத்தால், அந்த வீட்டின் வருமானமே போய்விடும். எந்த ஒப்பந்தத்தாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.

இங்கே இருக்கும் பல குடும்பங்களின் வேர் மலையகத்தில் இருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களும் 1970களின் பஞ்சமும் விரட்டியதால் வன்னிக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீங்கள். தோட்டத்தில் எங்கள் பாட்டன் பாட்டிக்கு அரிசியும் மாவும் தந்து, அதைச் சம்பளத்தில் கழித்தார்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆனாலும் கப்பலில் வந்த மாவில் சுட்ட ரொட்டிதான் லயத்துக் காலைச் சாப்பாடு. பிறகு வன்னியில் இடம்பெயர்ந்தபோதும் முகாம்களிலும் நிவாரணமாக வந்தது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காப்பாற்றியது அந்த உணவுதான், அதை நான் பழிக்கவில்லை. ஆனால் மூன்று தலைமுறையாக எங்கள் வயிற்றை நிரப்பியது பெரும்பாலும் மாச்சத்து. கையில் காசு கொஞ்சம் வந்த பிறகும் அதே பழக்கத்தில்தான் இருக்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் பரிசோதித்தார்கள். அவர்களுடைய உடம்புக்குச் சீனியைக் கட்டுப்படுத்தும் சக்தி மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. எங்கள் தோட்டங்களில் 1973–74இல் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். அந்தக் காலத்தில் கருவில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். முதலில் இரத்தம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

2005–06இல் இந்த நாட்டில் ஒரு பெரிய நீரிழிவு ஆய்வு நடந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சீனி வருத்தம் இருப்பதாகவும், அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் அது கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேரவில்லை. அந்தக் கணக்கில் வன்னி இல்லை. ஆகவே எங்களை நாங்கள்தான் கணக்கெடுக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சோறு, ரொட்டி, பாண், பிட்டு, இடியப்பம், மரவள்ளி எல்லாம் வயிற்றுக்குள் போனதும் சீனியாக உடைந்து இரத்தத்தில் சேர்கின்றன. அந்தச் சீனியைத் தசைக்குள்ளே அனுப்பும் சாவி இன்சுலின். சீனி வருத்தக்காரருக்கு இந்தச் சாவி சரியாக வேலை செய்வதில்லை, அல்லது போதாது. சீனி இரத்தத்திலேயே நின்று கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. பலருக்கு ஆரம்பத்தில் நோவே இருக்காது.

எங்கள் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் மாச்சத்து. அது காலை ரொட்டி. ஒரு கப் சோற்றில் 45 கிராம் அளவு. பகலுக்கு மூன்று கப் சாப்பிட்டால் 135. பின்னேரம் கால் இறாத்தல் பாண் என்றால் 55. இரவு இரண்டு கப் சோறு என்றால் 90. ஐந்து முறை தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் குறைந்தது 60. கூட்டினால் 400 கிராமைத் தாண்டிவிடும். மாச்சத்துக் குறைந்த உணவு என்று வைத்தியர்கள் சொல்வது பொதுவாக நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இல் வெளியிட்ட உணவு அறிக்கையில், இரத்தச் சீனியைக் குறைக்க மாச்சத்தைக் குறைப்பதற்கே மிக அதிக ஆதாரம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. சோறு தின்னும் எங்கள் ஆட்களுக்கு அது சரிவருமா என்று கேட்பீர்கள். சென்னை வைத்தியர்கள் முன்னின்று, இந்தியா முழுதும் 18,000 பேருக்கு மேற்பட்டவர்களின் உணவை ஆராய்ந்து 2022இல் ஒரு முடிவு சொன்னார்கள். புதிதாகச் சீனி வருத்தம் வந்தவர்கள் மாச்சத்தை மொத்த உணவுச் சக்தியில் பாதியளவுக்குக் குறைத்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டினால் நோய் அடங்க வாய்ப்பு உண்டு என்பதே அது. சோற்றை விடச் சொல்லவில்லை, அளவைத்தான் மாற்றச் சொன்னார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? முதல் வேலை தேத்தண்ணி. சீனியை வாரத்துக்கு ஒரு கரண்டியாகக் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். பனங்கட்டியோடு குடித்தாலும் கணக்கு அதேதான், அதுவும் சீனி. சோடாப் போத்தலில் வட்டமாக ஒரு நிற அடையாளம் பார்த்திருப்பீர்கள். 2016இல் வந்த சட்டம் அது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்குள் 11 கிராமுக்கு மேல் சீனி. அப்படிப்பட்ட 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் பத்துத் தேக்கரண்டிக்கு மேல் இருக்கிறது.

அடுத்தது பீங்கான். பாதியை இலையும் காயும் நிரப்பட்டும்: முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, கத்தரி, வெண்டி, புடலை, பாவல், பயிற்றங்காய். கால் பங்கு முட்டை, மீன், நெத்தலி, பருப்பு, கடலை. மிஞ்சிய கால் பங்குதான் சோறு. உருளைக்கிழங்குக் கறியும் மரவள்ளியும் சோற்றுப் பங்கில் சேர்ந்தவை, மரக்கறிப் பங்கில் சேராது. காலையில் மூன்று ரொட்டிக்குப் பதில் ஒன்று, அதோடு ஒரு முட்டையும் நிறையத் தேங்காய்ச் சம்பலும் கீரைச் சுண்டலும். பின்னேரம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு பிடி கச்சான். ஒரேயடியாக மாற்றாமல் வாரம் வாரமாகக் குறையுங்கள். வெயிலில் வேலை செய்யும் உடம்பு பழக நேரம் வேண்டும்.

“குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம்” என்று சிலர் நினைக்கிறார்கள். குரக்கனில் நார்ச்சத்து அதிகம், நல்லதுதான். ஆனால் அதிலும் பெரும்பங்கு மாச்சத்து. அளவு வேண்டும். பாவற்காய்ச் சாறு குடித்துவிட்டுக் குளிசையை நிறுத்துவது ஆபத்து.

காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. மா மலிவு, மீன் விலை. சீனி, சோடா, பிஸ்கட்டில் மிச்சம் பிடிப்பதை முட்டைக்கும் நெத்தலிக்கும் திருப்பலாம். வன்னியில் உங்களுக்கு ஒரு துண்டு வளவாவது இருக்கிறது. லயத்துச் சனத்துக்குப் பல இடங்களில் அதுகூட இல்லை. இரண்டு முருங்கை, நாலு கோழி, ஒரு கீரைப் பாத்தி பெரிய உதவி. இன்னொன்றை ஆண் தோழர்கள் கேட்க வேண்டும். மீன் துண்டும் முட்டையும் எங்கள் பீங்கானுக்கு வருகின்றன. கடைசியாகச் சாப்பிடும் தாய்க்கு மிஞ்சுவது அடிச்சோறும் குழம்பும். அவருக்குச் சீனி வருத்தம் வந்தால் “வாயைக் கட்டத் தெரியாது” என்கிறோம். பங்கைச் சரியாகப் பிரித்துப் பாருங்கள், பாதி மருத்துவம் அங்கே நடக்கும்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் கிளினிக்கில் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு மாறாமல் சாப்பாடு குறைந்தால் சீனி மிகவும் இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர் வியர்வை, தலைச்சுற்று, தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் குறையாவிட்டால் மறுபடி குடியுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கருவுற்ற தாய்மாரும், சிறுவயதிலேயே நோய் வந்தவர்களும், எம்பகிளிஃப்லோசின் வகைக் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் மாச்சத்தைக் குறைக்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் கட்டாயம் கேளுங்கள். வவுனியாப் பக்கத்தில் அந்த நோய் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

பரிசோதனைக்குக் காசு தேவையில்லை. அரசாங்கச் சுகவாழ்வு நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் சீனி 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை, சாப்பாட்டை மாற்றினால் நோய் வராமல் தடுக்கக்கூடிய கட்டம். 126ஐத் தொட்டால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். நோய் உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். வெறுங்காலோடு வயலிலோ வளவிலோ இறங்க வேண்டாம்.

கடைசியாகச் சங்கத்தின் வேலை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 என்று மலையில் போராடி வாங்கினோம். ஆனால் கிளினிக் நாளன்று வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. அதனால்தான் பலர் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள். ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்ற கோரிக்கையை எங்கள் பட்டியலில் சேர்ப்போம். இரண்டு, வீடு வீடாகப் போய் 35 வயதைத் தாண்டியவர்களின் பெயர் எழுதி, பரிசோதனைக்குக் கூட்டமாகப் போவோம். சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் அழைப்போம். மூன்று, எங்கள் கூட்டங்களில் இனிப் பணிஸும் சோடாவும் வேண்டாம். அவித்த கடலையும் சீனியில்லாத தேத்தண்ணியும் போதும்.

சம்மதமானவர்கள் கை உயர்த்துங்கள். பெயர் எழுதும் வேலையை இந்த வரிசையிலிருந்தே தொடங்குவோம்.