மார்க்கும் நிறமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்கா தேசத்துத் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி. "அது நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். பிறவியின் பேரால் ஒருவன் பிள்ளையைப் படிக்கவொட்டாமல் செய்துவிட்டு, பிறகு அந்தப் பிள்ளைக்குப் புத்தியில்லை என்று சொல்லுகிற வித்தை நம் தேசத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பதற்காகவே இதை எடுத்துக்கொண்டோம்.

அந்நாட்டில் ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கணக்கு வெளியிடுகிறார்கள். 2002-ல் கையெழுத்தான ஒரு மத்திய சட்டம் வந்தது முதல், கணக்கிலும் வாசிப்பிலும் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்பதை நிறவாரியாகவும், ஏழைகள் எத்தனை பேர் என்றும் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இது நல்ல காரியம். மூடி மறைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதைப் பார்க்கிறவன் என்ன செய்கிறான்? ஒரு பத்தியில் கறுப்புப் பிள்ளைகள் இத்தனை பேர், பக்கத்துப் பத்தியில் தேறினவர்கள் இத்தனை பேர் என்று கண்டவுடனே, "அந்த ஜாதியே அப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். அந்தப் பிள்ளைகளுக்கு இதுவரை என்ன கொடுக்கப்பட்டது என்கிற பத்தியை அவன் தேடுவதில்லை. அந்தப் பத்தியை நாம் சிறிது எழுதிப் பார்ப்போம்.

அந்நாளில் அங்கே ஜூனியர் ஹைஸ்கூல் என்பது 7, 8, 9-ம் வகுப்புகள் கொண்டதாயிருந்தது. 1950-ல் வாஷிங்டனில் வெள்ளையருக்கு வேறு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம். கறுப்பர் பள்ளிகளில் இடம் போதாது. ஒரு பள்ளியில் பிள்ளைகளை முறைவைத்து இரண்டு கூட்டமாக வரச்செய்தார்கள். அது பொறுக்காமல் 1947-ல் பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். அதை நடத்தினவர் பெரிய பட்டதாரியல்ல. கார்ட்னர் பிஷப் என்கிற க்ஷவரக் கடைக்காரர்.

1950-ல் ஸூஸா ஜூனியர் ஹைஸ்கூல் என்று ஒரு புதுப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 42 வகுப்பறைகள், 600 பேர் உட்காரும் மண்டபம், தேகப்பயிற்சிக் கூடம், பந்தாட மைதானங்கள் எல்லாம் உண்டு. செப்டம்பர் 11-ந் தேதி பிஷப் 11 கறுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போனார். வகுப்பறைகள் சில காலியாகவே கிடந்தன. ஆனாலும் சேர்த்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலியான அறை இருந்தும் இடமில்லாமற்போவது எப்படி என்று நீங்கள் ஆச்சரியப்படுவீர்களோ? ஊர்க் கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தும் சேரிக்காரனுக்குத் தண்ணீர் இல்லாமற்போனதைக் கண்டவர்களுக்கு இதில் ஆச்சரியமொன்றுமில்லை.

திருப்பப்பட்டவர்களில் ஒருவன் 12 வயதுச் சிறுவன் ஸ்பாட்ஸ்வுட் போலிங். அவன் படிக்க வேண்டிவந்தது ஷா என்கிற பழைய பள்ளியில். அங்கே விஞ்ஞான சோதனைசாலை என்று சொல்லப்பட்டது ஒரு வாயு அடுப்பும், ஒரு கிண்ணத்துத் தங்கமீனும்தான்! அந்த அடுப்பையும் மீனையும் வைத்துக்கொண்டு விஞ்ஞானம் படித்தவனையும், ஸூஸாவில் படித்தவனையும் ஒரே பரீட்சையில் உட்காரவைத்து, வந்த மார்க்கை நிறத்தின்மேல் எழுதுவதுதான் நியாயமாம்.

வக்கீல் ஜேம்ஸ் நாப்ரிட் வழக்குத் தொடுத்தார். அவர் செய்த கெட்டிக்காரத்தனத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். எங்கள் கட்டிடம் மட்டம், எங்கள் சோதனைசாலை மட்டம் என்று அவர் அழவில்லை. அழுதிருந்தால் இன்னும் இரண்டு அடுப்பு வாங்கிக்கொடுத்து வாயை அடைத்திருப்பார்கள். பிரித்து வைக்க உனக்கு என்ன அதிகாரம் என்று ஒரே கேள்விதான் கேட்டார். 1954 மே 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக, பிரித்துவைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள்.

அதோடு தீர்ந்ததா? தீரவில்லை. கதவு திறந்ததும், உள்ளே இருந்த வெள்ளையர் கொஞ்சங்கொஞ்சமாக மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே குடியேறினார்கள். 1967-க்குள் வாஷிங்டன் சர்க்கார் பள்ளிகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் கறுப்புப் பிள்ளைகளே என்றாயிற்று. பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் ஒரு புது ஏற்பாடு வந்தது. கல்வி சூப்பரின்டெண்டென்ட் கார்ல் ஹான்சன் என்பவர், பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து, அந்த மார்க்கின்படி மேல்வரிசை, கீழ்வரிசை என்று பிரித்தார். கீழ்வரிசையில் விழுந்த பிள்ளைக்குச் சுலபமான பாடம், குறைந்த பாடம். அதைப் படித்தவன் அடுத்த வருஷம் மேலே ஏறுவது எப்படி? இந்த ஹான்சன் கறுப்பரை வெறுத்தவருமல்ல. பள்ளிகளை ஒன்றுசேர்த்ததில் நல்ல பெயர் எடுத்தவர். ஆனால் நல்லெண்ணத்தோடு போட்ட பூட்டும் பூட்டுத்தானே!

ஜூலியஸ் ஹாப்ஸன் என்கிற ஒரு தகப்பனார் இதன்மேல் வழக்காடினார். 1967 ஜூனில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் இந்த வரிசைமுறையையே எடுத்தெறியும்படி உத்திரவிட்டார். அவர் சொன்ன காரணம் நாமெல்லோரும் மனதில் வைக்கத்தக்கது. அந்தப் பரீட்சைகள் வசதியுள்ள வெள்ளைப் பிள்ளைகளை வைத்துத் தயாரித்தவை என்றும், ஆகவே ஏழைக் கறுப்புப் பிள்ளையின் இயற்கை அறிவை அவை அளப்பதில்லை, அவன் எந்த வீட்டில் பிறந்தான் என்பதையே அளக்கின்றன என்றும் கண்டார். மேல்முறையீடு வேண்டாமென்று கல்வி போர்டு தீர்மானித்ததும், ஹான்சன் உத்தியோகத்தை ராஜீநாமாச் செய்துவிட்டார்.

ஸூஸா பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. 2001-ல் அந்தக் கட்டிடத்தைத் தேசிய சரித்திரச் சின்னமாக்கினார்கள். அங்கே படிக்கிறவர்கள் இப்போதும் பெரும்பாலும் கறுப்புப் பிள்ளைகள், ஏழைகள். நகரத்துப் பரீட்சைக் கணக்கில் அவர்கள் மார்க் சராசரிக்குக் கீழே நிற்கிறது. சின்னம் என்று பலகை மாட்டினவர்களும், மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்களும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள்.