தாதர் கடற்கரையில் கற்ற பாடம்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கர் அவர்களின் நினைவிடத்தை வணங்கி வர, 2023 டிசம்பரில் நம் சங்கத்தின் சார்பில் பதினொருவர் மும்பை சென்று வந்தோம். ஆங்குக் கற்றதை இவ்வவையில் கூற விழைகிறோம்.

1956 டிசம்பர் 6 அன்று டில்லியில் அண்ணல் மறைந்தார். மறுநாள் தாதர் கடற்கரையில் அவர்தம் உடல் எரியூட்டப்பெற்றது. அவ்விடத்தில் எழுந்துள்ள தூபியே சைத்தியபூமி. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடியவர் நம் இரட்டைமலை சீனிவாசன் அல்லவா? ஆகவே தாதர் நமக்கு அயலூர் அன்று.

தாதர் பூச்சந்தையில் ஆயிரம் ரூபாய்க்குப் பெரியதொரு மாலை வாங்கினோம். விடியுமுன் வரிசையில் நின்றோம். தூபியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. உள்ளே நிற்கக் கிடைத்தது சில நொடிகளே. எங்கள் மாலை அடுத்த கணமே பிற மாலைகளுக்கு அடியில் மறைந்தது.

பின்னர் அருகிலுள்ள சிவாஜி பூங்காவிற்குச் சென்றோம். எங்கு நோக்கினும் புத்தகக் கடைகள்! ரொட்டி மூட்டையோடு வந்த மூதாட்டி ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் எடுத்து நூலொன்று வாங்கினார். உடன் வந்த தாராவித் தமிழ் அன்பர், “அம்மா, தங்களுக்குப் படிக்கத் தெரியுமா?” என்று மராத்தியில் வினவினார். “எனக்குத் தெரியாது, என் பேரனுக்குத் தெரியும்” என்றார் அம்மூதாட்டி. நாங்கள் தலைகுனிந்தோம். எங்கள் பணம் சருகாயிற்று. அவர் பணம் நூலாகி வீடு சேர்ந்தது.

சாத்தாராப் பள்ளியில் தனியே கோணிப்பை விரித்து அமர்த்தப்பட்ட சிறுவன், 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் புகுந்தான்; 1923இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றான். பின்னாளில் தாதரில் வீடு கட்டியபோதும் நூல்களுக்கே பெரிதும் இடம் வகுத்தார் அண்ணல். அத்தகையோருக்கு மாலை மட்டும் போதுமா?

இளைஞர்களே! ஒன்றை மறைக்காது கூறுகிறோம். அப்பயணத்திற்கு முந்தைய ஜூன் திங்களில், பத்தாம் வகுப்பில் தேறிய நம் தெருப் பிள்ளைகள் மூவர் பனியன் தொழிலுக்குச் சென்றனர். அவர்தம் மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிட்ட கை எம் கையே. “ஏன் நிற்கிறாய்?” என்று ஒரு சொல் கேட்டோமில்லை. நம் சங்க நூலக அலமாரியோ பூட்டிக் கிடந்தது. அதன் சாவியும் எம்மிடமே இருந்தது.

இனி அவ்வாறு நேரலாகாது. வரும் டிசம்பர் 6 முதல் மாலைச் செலவை மேல்வகுப்பு மாணவர்தம் நூல்களுக்கு ஆக்குவோம். நாள்தோறும் மாலை ஆறு முதல் எட்டு மணிவரை அலமாரி திறந்திருக்கும், நாமும் அங்கிருப்போம். படிப்பை நிறுத்தும் பிள்ளையின் வீட்டுக்கு அன்றே இருவர் செல்வோம். அம்மூவர் வீட்டுக்கும் வரும் ஞாயிறன்று நாமே செல்கிறோம். உடன் வருவோர் வருக!

தாதர் சென்று வணங்க எல்லார்க்கும் இயலாது. ஒரு பிள்ளையை மீண்டும் பள்ளியில் அமர்த்த எவர்க்கும் இயலும். அதுவே அண்ணலுக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி.