செத்தவர்களின் மானம்: அவதூறுச் சட்டமும் தொலைக்காட்சியும்



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாவோடு வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கப் போனேன். வேறு சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காக அவர் மகனைக் கொன்றிருந்தார்கள். அன்றிரவே ஒரு சேனல் விவாதத்தில் ஒருவர், பையன் பணத்துக்காகத்தான் பழகினான் என்றார். நெறியாளர் தடுக்கவில்லை. மறுநாள் திரையின் கீழே அதுவே எழுத்தாக ஓடியது, ஒரு கேள்விக்குறியோடு. (கேள்விக்குறி போட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று நம்புகிறார்கள்.) அந்த அம்மா பணம் கேட்கவில்லை. "அதே டீவியில வந்து, சொன்னது பொய்யின்னு சொல்லணும் தம்பி" என்றார்.

வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்கினார். சிவில் சட்டத்தில் நற்பெயர் ஆளோடு போய்விடும். உயிரோடிருக்கும்போது எழுந்த மானநஷ்ட உரிமையையே 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு வாரிசுகளுக்குத் தருவதில்லை. செத்தபின் சொன்ன சொல்லுக்கு எங்கே போவது?

இதோடு இன்னொரு வழக்கை வைத்துப் பாருங்கள். 2008 செப்டம்பரில் டைம்ஸ் நவ், ஊழல் செய்தியொன்றில் வேறொரு நீதிபதியின் படத்துக்குப் பதில் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி. சாவந்தின் படத்தைக் காட்டியது. சுமார் 15 நொடிகள். 2011இல் புனே நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டுக் காலத்தில் 20 கோடியைக் கட்டவும் 80 கோடிக்கு வங்கி உத்தரவாதம் தரவும் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. சாவந்த் நம் மரியாதைக்குரியவர். மண்டல் வழக்கில் இட ஒதுக்கீட்டை உறுதிசெய்த அமர்வில் இருந்தவர். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995இல் தீர்ப்பெழுதியவர். அவர் மீது எனக்கு மனக்குறை இல்லை. அந்தப் பொதுச் சொத்தில் சேரிக்காரனின் பெயருக்கு என்ன விலை என்பதுதான் என் கேள்வி.

அந்த அம்மாவுக்கு எஞ்சியிருந்தது குற்றவியல் வழி. இந்தியத் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவின் முதல் விளக்கம், இறந்தவரைப் பழிப்பதும் அவதூறாகலாம் என்கிறது. குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. தோழர்களே, இந்தப் பிரிவை ஒழிக்கச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடத்தியவன் நான். 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றபோது கண்டன அறிக்கை எழுதியவனும் நான்தான். அரசு வழக்கறிஞரை வைத்தே பத்திரிகையாளர்களை நீதிமன்றத்துக்கு இழுத்த மாநிலம் இது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்தது. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் ஒழிக்கக் கேட்ட பிரிவைத் தவிர அவர் கையில் எதுவுமில்லை. இன்றும் சிறைத் தண்டனை கூடாது என்றே சொல்கிறேன். ஆனால் பிரிவை எடுக்கும் கையோடு, குடும்பம் திருத்தம் கேட்கும் உரிமையைச் சிவில் சட்டத்தில் வைக்கவும் நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வன்கொடுமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். யூடியூப் சேனல் ஒன்றைப் பற்றிய கேரள வழக்கில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பட்டியல் சாதியார் ஒருவரை அவமதித்தாலே இச்சட்டம் வராது, சாதியின் பொருட்டு அவமதித்திருக்க வேண்டும், பகைமை வளர்க்கும் உட்பிரிவோ தனி ஆளுக்கானதல்ல, சமூகத்துக்கானது. அவதூறுச் சட்டத்துக்குப் போனால் கதை தலைகீழ். 1971 சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுச் செய்திகள் மீதான வழக்கில், இன்னார் என அடையாளம் காணக்கூடிய கூட்டமாக இருக்க வேண்டும் என்று 1972இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சேரியையே திருட்டுக் கும்பல் என்றால் கூட்டம் பெரிதாகிவிடும், ஒருவனைச் சொன்னால் சாதி இல்லை என்றாகிவிடும்.

கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6ஆம் விதி மட்டும் தனி மனிதரையும் குழுக்களையும் சேர்த்தே பேசுகிறது. 2021 திருத்தத்தின்படி முதலில் சேனலுக்கே புகார் எழுத வேண்டும். 15 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இல்லையேல் மேலே போகலாம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், முடிந்தால் பதிவு. நாங்கள் எழுதினோம். சொன்னது விருந்தினரின் சொந்தக் கருத்து என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக் கடிதத்தில் அம்மா கைநாட்டு வைக்க மறுத்தார். இரண்டு நாள் பழகி, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நகல் இன்னும் என் பையில் இருக்கிறது. பதில் வரவில்லை.