தவணை வாணிகமும் நாணயமும்

முழு விலையையும் சேர்த்த பின்னரே பொருளை வாங்க வேண்டுமென்றால், ஏழைத் தையற்காரருக்குத் தையல் இயந்திரம் கிட்டுவது அரிது. இயந்திரம் கைக்கு வந்துவிட்டாலோ, அதைக்கொண்டே உழைத்து அதன் விலையைச் செலுத்திவிடலாம். இதனை உணர்ந்தே அமெரிக்காவில் சிங்கர் நிறுவனத்தார் 1856ஆம் ஆண்டில் தவணை முறையைக் கையாளத் தொடங்கினர்.

தவணைக் கொள்முதல் சாதாரணக் கடன் விற்பனையன்று. இறுதித் தவணை செலுத்தப்பெறும் வரையில் பொருள் வணிகருக்கே உரியது. வாங்குபவர் அதனை வாடகைக்கு வைத்திருப்பவரே ஆவார். வணிகர் துணிந்து பொருளைக் கொடுப்பதற்கு இவ்வுரிமையே காரணம். அவர் அதனைத் தவறாகப் பயன்படுத்தவும் இதுவே இடந்தருகிறது.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கே சில வணிகர்கள், விலையில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்ட பிறகும், ஒரு தவணை தவறியவுடனே வீடு புகுந்து மேசை நாற்காலிகளைத் தூக்கிச் சென்றனர். ஏழைக்குக் கட்டிய பணமும் போயிற்று, பொருளும் போயிற்று. இக்கொடுமையைத் தடுக்க எலன் வில்கின்சன் அம்மையார் பாராளுமன்றத்தில் கொணர்ந்த மசோதா 1938இல் சட்டமாயிற்று. ரொக்க விலையை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு செலுத்தப்பட்டபின் வழக்குத் தொடராமல் பொருளைப் பறிக்கலாகாது என்று அச்சட்டம் விதித்தது.

நம் நாட்டிலும் 1972இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலே 2005இல் நீக்கப்பட்டது. அடியாட்களை ஏவி வண்டிகளைப் பறிக்கும் வழக்கத்தை 2007இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. எனினும், நீதிமன்றத்தை நாடும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆதலால் வணிகரின் நாணயமே முதற் காவலாக இருத்தல் வேண்டும்.

அந்த நாணயம் கணக்கிலேயே தொடங்குகிறது. 12,000 ரூபாய்ப் பொருளுக்கு 12 சதவீத வட்டி என்கிறார் ஒரு வணிகர். வட்டி 1,440 ரூபாய். ஆக மொத்தம் 13,440 ரூபாய். மாதம் 1,120 வீதம் 12 தவணைகள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு அசலுக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21½ சதவீதமாகும்! இவ்வேறுபாட்டை மறைத்து விற்பது, எடை குறைந்த படிக்கல்லால் நிறுத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நல்ல வணிகர் ரொக்க விலை, தவணை விலை, உண்மை வட்டி ஆகிய மூன்றையும் வாங்குபவர் அறிந்த மொழியில் எழுதிக் கொடுப்பார். வருவாய்க்கு மிஞ்சிய பொருளை அவர் தலையில் கட்டமாட்டார். நோயாலோ வேலையின்மையாலோ தவணை தவறினால், முதலில் காரணத்தை வினவி அவகாசம் அளிப்பார். அதன் பின்னரே சட்டத்தை நாடுவார்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் விற்பீர்கள், பலர் வாங்குவீர்கள். கையெழுத்திடுமுன் மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். விற்பவராயின், அக்கணக்கை நீங்களே கூட்டிக் காட்டுங்கள்.