வார்ட்டில் படித்த படிப்பு
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் "டயட்டிஷியன் ஆவது எப்படி?" என்று சங்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். தெமோதரையிலிருந்து போய் அதைப் படித்தவள் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். சோற்றைக் குறை, சீனியை விடு என்று சொல்வதற்கு ஒரு பட்டம் எதற்கு என்று எங்கள் லயத்திலேயே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

பத்து நாளாகச் சாப்பாடே இறங்காத ஒரு நோயாளி வார்ட்டுக்கு வருகிறார். பாவம், பசியோடு கிடக்கிறாரே என்று முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்று திடீரென்று இறங்கி, இருதயமே நின்றுவிடக்கூடும். ஆகவே முதலில் தயமின் விற்றமின் கொடுத்து, கொஞ்சமாகத் தொடங்கி, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு இன்னொரு கணக்கு. நம்முடைய பதுளை மாவட்டத்திலேயே கிராந்துருக்கோட்டைப் பக்கம் அந்த நோய் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர் உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அவித்த தண்ணீரில் சத்து இருக்கிறது, வீணாக்காதே என்று நமக்குச் சொல்லித் தந்ததற்கு இது நேர் எதிர். ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நஞ்சு. அதைக் கணக்குப் பார்த்துச் சொல்பவர்தான் டயட்டிஷியன்.

படிக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தவர்கள் வயம்ப பல்கலைக்கழகத்தின் மாக்கந்துறை வளாகத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் படிக்கலாம். பிரித்தானியாவில் பட்டப்படிப்புக்குள்ளேயே வைத்தியசாலைப் பயிற்சி உண்டு. பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் குறைந்தது 1000 மணித்தியாலம் மேற்பார்வையின் கீழ் வேலை செய்திருக்க வேண்டும். 2024 முதல் முதுமாணிப் பட்டமும் கேட்கிறார்கள். இந்தியாவிலும் உள்ளகப் பயிற்சி முடித்த பிறகுதான் பதிவுப் பரீட்சை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனால் வார்ட்டில் நிற்காமல் யாரும் டயட்டிஷியன் ஆவதில்லை.

நான் நின்றது கோயம்புத்தூரில். அந்த ஊருக்கு இந்தத் துறையில் ஒரு பெயர் உண்டு. செங்கத்தில் 1919இல் பிறந்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்து, அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தெடுத்தார். மனையியல் என்றால் கேக் அடிப்பதும் தையலும் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். அதற்குள் இரசாயனமும் உடற்றொழிலியலும் இருப்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

பயிற்சிக்குப் போனதும் வெள்ளைக் கோட்டுடன் டொக்டர்மாருக்குப் பின்னால் நடக்கப் போகிறோம் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் விட்டார்கள். விடிய ஆறு மணிக்கு அரிசி நிறுப்பது, உப்பில்லாத சாம்பாரைத் தனியாக எடுத்து வைப்பது, எந்தக் கட்டிலுக்கு எந்தத் தட்டு என்று சரிபார்ப்பது. திரும்பி வந்த தட்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பதும் எங்கள் வேலை. எழுதிக் கொடுத்தது ஒன்று, வயிற்றுக்குள் போனது வேறொன்று என்பதை அந்தத் தட்டுத்தான் காட்டும். பிறகுதான் வார்ட். குழாய் வழியாக ஊட்டும் உணவுக்குக் கலோரியும் புரதமும் கணக்கிட்டு, மேற்பார்வை மேடத்திடம் காட்டிக் கையெழுத்து வாங்குவோம்.

அந்த மேடம் எங்களை ஒரு கேள்வி கேட்கவே விடமாட்டார்: "என்ன சாப்பிடுவீங்க?" அப்படிக் கேட்டால் நல்ல பதில்தான் வரும், உண்மை வராது என்பார். "நேற்று எழும்பியதும் முதலில் வாயில் பட்டது என்ன?" என்று தொடங்கி, மணிக்கு மணி போக வேண்டும். கோப்பையையும் கரண்டியையும் கையில் வைத்துக் காட்டி அளவு கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்த பாடங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இதே கேள்வியை நம் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை சீனி போட்ட பிளேன் டீ. கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும். மலையில் மறுபடி தேத்தண்ணி. கொழுந்து நிறுத்த பிறகு அவசரச் சாப்பாடு. இரவில் சோறும் பருப்பும். "காலையில ஒண்ணும் சாப்பிடல மிஸ்" என்பவர் மூன்று கோப்பை இனிப்புத் தேத்தண்ணி குடித்திருப்பார். அது அவருக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. கர்ப்பிணித் தாய் இரும்புச்சத்துக் குளிசையை அந்தத் தேத்தண்ணியோடு விழுங்குவார். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், குளிசையோடு கொய்யாவோ தேசிக்காய்த் தண்ணியோ எடுங்கள் என்று அவருடைய தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நாளுக்கு ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால், கூடையோடு மலையில் நிற்பவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்?

2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 வீதம். தோட்டப் பகுதியில் அது 32 வீதம். இதற்குச் சம்பளமும் வீடும் தண்ணீரும் காரணம். டயட்டிஷியன் ஒருவர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் தாயிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று லயத்தில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியும். அதை எந்தப் பல்கலைக்கழகமும் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு கேள்வி. உள்ளகப் பயிற்சிக் காலத்தில் பெரும்பாலான இடங்களில் சம்பளம் இல்லை. சில நாடுகளில் நாமே கட்டணமும் கட்ட வேண்டும். படிப்புக்கு உதவ ஆள் கிடைக்கும், "பட்டம் முடிந்துவிட்டதே, இனி வேலைக்குப் போகலாமே" என்று வீட்டில் எதிர்பார்க்கும் அந்த மாதங்களுக்குத்தான் யாரும் உதவுவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றுவிட்டு வேறு வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நம் பழைய மாணவியர் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறீர்கள், லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிறீர்கள். நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை, பயிற்சியில் இருக்கும் ஒரு பிள்ளையின் தங்குமிடத்துக்கும் பஸ் காசுக்கும் ஒதுக்க முடியுமா? வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் ஓர் அறை தந்தாலும் போதும். இந்த முறை உயர்தரம் எழுதும் பிள்ளைகளில் இரண்டு பேர் எனக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.