காலடியில் மறைந்த குழாய்



வெப்ப நாட்டினராகிய நாம் வீட்டின் நிலம் குளிர்ந்திருத்தல் வேண்டுமென்றே விரும்புகின்றோம். சித்திரை வைகாசி மாதங்களின் நண்பகலில், பாயையும் விலக்கிவிட்டுச் சீமெந்து நிலத்திலே சாய்ந்து கிடப்பதன் சுகத்தை நம்முள் அறியாதார் இலர். ஆண்டில் நான்கைந்து மாதங்கள் உறைகுளிர் ஆட்சி செய்யும் நாடுகளிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே நிலத்தில் வெறுங்காலை வைத்தால் குளிர் எலும்பு வரை ஏறும். ஆதலால் அந்நாட்டு மக்கள் நிலத்தையே சூடாக்கும் வழியொன்றைக் கண்டனர். அவ்வழியைப் பற்றியும், அதில் தொழிலாளர் கைக்கொள்ளும் ஒரு சிறு கவனத்தைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகின்றேன். நம்மவர் பலர் இன்று இலண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் குடியிருக்கின்றனர். 2004 ஆம் ஆண்டு செய்யப்பட்ட உடன்பாட்டின் வழியே தென் கொரியாவுக்குத் தொழில் தேடிச் சென்ற இலங்கையரும் பலர். அவர்கள் இரவில் கண்ணயரும் நிலத்தின் கதை நமக்கும் அயலான கதை அன்று.

நிலத்தைச் சூடாக்கும் கலை மிகப் பழையது. உரோமர் தம் நீராடு மண்டபங்களின் நிலத்தைச் சிறு செங்கற்றூண்களின் மேல் தாங்க வைத்து, அதன் கீழே ஒரு வெற்றிடம் விட்டனர். பக்கத்து உலையில் எரியும் விறகின் சூடான காற்றும் புகையும் அவ்வெற்றிடத்திற் பரவிச் சுவரின் உட்புழைகள் வழியே மேலேறி வெளியேறின. அதற்கான அளவுகளை விற்றுருவியசு என்னும் கட்டடக்கலை ஆசிரியர் தம் நூலில் எழுதி வைத்தார். தூண்களின் உயரம் இரண்டு அடி என்பது அவர் குறித்த அளவு. இங்கிலாந்திலே பாத் நகரிற் காணப்படும் உரோமர் நீராடு மண்டபத்தின் இடிபாடுகளில் அத்தகைய தூண் வரிசைகளை இன்றும் காணலாம்.

கொரியாவிலோ இக்கலை அரண்மனைக்கும் நீராடு மண்டபத்திற்கும் மட்டும் உரியதாக நில்லாது, குடியானவனின் குடிசைக்கும் உரியதாயிற்று. ஒண்டொல் என்பது அதன் பெயர். சமையலறை அடுப்பின் புகை அடுத்த அறையின் நிலத்துக்குக் கீழே அமைந்த கல் வாய்க்கால்கள் வழியே ஓடி, மறுபுறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். வாய்க்கால்களின் மேலே தட்டைக் கற்கள். அவற்றின் மேலே களிமண் பூச்சு. அதன் மேலே எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதம். சோறு ஆக்கும் தீயே அறையையும் சூடாக்கும். அடுப்புக்கு அண்மையான மூலை அதிகம் சூடானது. ஆதலின் அது வீட்டின் முதியோருக்கும் விருந்தினருக்கும் உரிய மதிப்பான இடம். இவ்வாழ்க்கை முறையைத் தென் கொரிய அரசு 2018 ஆம் ஆண்டிலே தேசிய மரபுரிமையாக அறிவித்தது.

ஆயினும், இவ்வினிய ஏற்பாட்டினுள்ளே ஓர் ஆபத்தும் இருந்தது. விறகு அருகிய காலத்திலே, கொரியப் போருக்குப் பின்னர், மக்கள் துளைகள் இட்ட உருளை வடிவான நிலக்கரிக் கட்டிகளை எரிக்கத் தலைப்பட்டனர். அவை மலிவானவை, இரவு முழுவதும் மெல்லக் கனன்று சூடு தந்தன. ஆனால், காற்றுப் போதாமல் எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு எழுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. களிமண் பூச்சிலே மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தாற்போதும். அதன் வழியே கசிந்து, நிலத்திலே படுத்திருப்போரின் மூச்சிற் கலந்துவிடும். உறங்கச் சென்ற குடும்பம் விடிந்தபின் எழாத செய்தி குளிர்காலந்தோறும் அந்நாட்டுப் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. இக்கொடுமையிலிருந்து மக்களை மீட்டதிற் பெரும் பங்கு, புகைக்குப் பதிலாக வெந்நீரை நிலத்தினுள் ஓடவிட்ட மாற்றத்திற்கு உரியது. அடுப்பும் அதன் புகையும் அறைக்கு அப்பால் நின்றன. குழாயினுள்ளே ஓடும் நீர் மட்டும் சூட்டைச் சுமந்து நிலத்தினுள் வந்தது.

மேல்நாட்டிலும் இதே எண்ணம் வளர்ந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞரான பிராங்க் லொயிட் ரைற் ஜப்பானில் இருந்தபோது, செல்வர் ஒருவரின் இல்லத்திலே அமைந்த கொரிய அறையில் அமர்ந்து அதன் இதத்தில் வியந்தார். பின்னர், விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில், 1936, 1937 ஆம் ஆண்டுகளில் அவர் கட்டிய ஜேக்கப்ஸ் இல்லத்தின் கொங்கிறீற்று நிலத்துக்குக் கீழே குழாய்களைப் பதித்துச் சூடேற்றினார். அவ்வில்லம் 2019 இல் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. 1947 இலே நியூயோர்க் அருகே லெவிற்றவுன் என்னும் குடியிருப்பு எழுந்தபோது, ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலத்திலே செப்புக் குழாய்கள் பதிக்கப்பட்டன. காலம் செல்லச் செல்ல அவற்றுட் பல அரிப்புற்றுக் கசிந்தன. கசியும் இடம் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நிலத்தை உடைத்தன்றி அணுகவியலாது. பல வீட்டார் பதித்த குழாயை அப்படியே கைவிட்டுச் சுவரோரமாக வேறு சூடேற்றும் கருவிகளை வைத்துக்கொண்டனர். மறைத்து வைக்கும் பொருளை மறைக்குமுன் நன்கு சோதித்தல் வேண்டும் என்னும் பாடத்தை இது கற்பித்தது.

இக்காலத்தில் செம்புக்குப் பதிலாக, மூலக்கூறுகள் குறுக்கே பிணைக்கப்பட்ட பொலித்தீன் குழாய்களே பெரிதும் வழங்குகின்றன. இணைப்பு எதுவுமின்றி, ஏறத்தாழ 100 மீற்றர் நீளமுள்ள ஒரே குழாயை ஓர் அறையின் நிலம் முழுவதும் வளைத்து வளைத்துப் பரப்புகின்றனர். அதன் வரிசைமுறையைச் சற்றுக் கவனியுங்கள். அடியிலே கொங்கிறீற்றுத் தளம். அதன் மேலே, சூடு கீழே இறங்கி வீணாகாதவாறு தடுக்கும் பலகை. நாம் ரெஜிபோம் என வழங்கும் வெண்ணிறப் பொருளை ஒத்தது அது. அதன் மேலே பொலித்தீன் தாள். சுவரோரம் எங்கும், சூட்டினால் நிலம் விரிவதற்கு இடங்கொடுக்கும் மென்மையான பட்டி. தாளின் மேலே குழாய். குழாயை முற்றாக மூடி இறுதியிலே வார்க்கப்படுவது சாந்து. இச்சாந்தே சூட்டை வாங்கி அறை முழுவதற்கும் சீராகப் பகிர்ந்தளிப்பது. மக்கள் நடமாடும் இடங்களில் நிலத்தின் மேற்பரப்பு 29 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறலாகாது என்பது ஐரோப்பிய விதி. நம் உடற்சூட்டிலும் அது குறைந்ததே.

இனி, நான் குறித்த அந்தச் சிறு கவனத்துக்கு வருவோம். சாந்து வார்க்குமுன் குழாயை அசையாதபடி பிணித்தல் வேண்டும். பாரமான சாந்து மேலே விழும்போது குழாய் தானே அழுந்திக் கிடக்குமன்றோ, பிணிப்பானேன் என்று எவரும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையளிப்பவர் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆக்கிமிடீசு. ஒரு திரவத்தினுள் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய திரவத்தின் நிறைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படும் என்று அவர் கண்டார். நம் மாணவர் இதனை மேலுதைப்பு என்று படிக்கின்றனர்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிவிட்டம் 16 மில்லிமீற்றரும் சுவர்த்தடிப்பு 2 மில்லிமீற்றரும் கொண்ட குழாயில் ஒரு மீற்றர் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாந்தினுள்ளே ஏறத்தாழ 200 கன சென்ரிமீற்றர் இடத்தைப் பிடிக்கும். நீர்போல் ஓடும் சாந்து, நீரைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடிய அடர்த்தி உடையது. ஆகவே விலக்கப்படும் சாந்தின் நிறை 420 கிராம் வரையில் ஆகும். குழாயின் சொந்த நிறையோ 80 கிராம் அளவே. எஞ்சிய 340 கிராம் விசை குழாயை மேலே உந்தும். குழாயினுள் நீரை நிரப்பினால் 110 கிராம் கூடும். அப்போதும் 230 கிராம் மேலுதைப்பு எஞ்சியே நிற்கும். 100 மீற்றர் குழாய்க்கு இதனைப் பெருக்கினால், வெறுங்குழாயில் 34 கிலோகிராம், நீர் நிரம்பிய குழாயில் 23 கிலோகிராம். நீரை நிரப்பிவிட்டால் குழாய் மிதக்காது என்று நம்பியிருப்பது தவறு என்பதை இக்கணக்குத் தெளிவாக்குகின்றது.

ஈரங்குறைந்த மணற்சாந்து ஓடும் இயல்பினதன்று. அதில் குழாய் இவ்வாறு மிதப்பதில்லை. ஆனால் அங்கே வேறு பகைகள் உள. சுருளாகச் சுற்றி வந்த குழாய் மீண்டும் சுருளவே விரும்பும். வளைவுகளில் எழும்பி நிற்கும். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் மேசன்மாரின் சப்பாத்துக் கால்களும் அதனை இடம்பெயர்க்கும்.

ஆதலின் தொழிலறிந்தோர் செய்வது யாது? முள் பொருந்திய சிறு கவ்விகளால் குழாயை அடிப்பலகையோடு குத்திப் பிணைக்கின்றனர். அல்லது குழாயின் அளவுக்குப் பள்ளம் வார்த்த பலகைகளிலே அழுத்திப் பொருத்துகின்றனர். அல்லது கம்பி வலையிற் கட்டுகின்றனர். நேரான ஓட்டத்தில் அரை மீற்றருக்கு ஒரு கவ்வி என்பது பெருவழக்கு. வளைவுகளிலே இன்னும் நெருக்கமாக இடுவர். அரை மீற்றருக்கு ஒன்று வீதம் இட்டால், வெறுங்குழாயிலும் ஒரு கவ்வியின் பங்கு 170 கிராமே. அஃது அற்ப சுமை. ஆனால், ஒரு கவ்வி கழன்றால் அதன் சுமை அயலில் நிற்கும் கவ்விகளுக்குச் சேரும். அவையும் தளர்ந்தால் குழாய் வில்லைப்போல் வளைந்து மேலெழும். சாந்து வார்த்தபின் குழாயின் மட்டம் 5 மில்லிமீற்றருக்கு மேல் மாறியிருத்தலாகாது என்று ஐரோப்பிய நியமம் கூறுகின்றது. குழாயை மட்டுமன்றி, தாளின் மூட்டுக்களையும் ஒட்டி அடைத்தல் வேண்டும். அன்றேல் ஓடும் சாந்து பலகைக்குக் கீழே புகுந்து, பலகையையும் குழாயையும் ஒருங்கே கிளப்பிவிடும்.

அடுத்தது அமுக்கச் சோதனை. குழாயினுள் நீரை நிரப்பி, வளிமண்டல அமுக்கத்தைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு அமுக்கம் ஏற்றி, மானியின் முள் இறங்குகின்றதா என்று பார்ப்பர். சாந்து வார்க்கும்போதும் அவ்வமுக்கத்தைக் குறையாது வைத்திருப்பர். மண்வெட்டியின் முனை குழாயைக் கிழித்தால், முள் உடனே விழுந்து காட்டிக்கொடுக்கும்; சாந்து இறுகுமுன் பழுதைத் திருத்திவிடலாம். உறைகுளிர் காலமாயின், குழாயின் நீர் உறைந்து வெடிக்காதவாறும் காத்தல் வேண்டும்.

வார்த்து முடிந்த பின்னரும் பொறுமை வேண்டும். சீமெந்துச் சாந்தாயின் 21 நாட்களும், கல்சியஞ் சல்பேற்றுச் சாந்தாயின் குறைந்தது 7 நாட்களும் கழியாமல் சூடேற்றலாகாது. முதலில் 20 முதல் 25 பாகை வரையான நீரை மூன்று நாட்கள் ஓடவிட்டு, அதன் பின்னரே கூட்டுவர். அவசரப்பட்டால் நிலம் வெடிக்கும்.

இவற்றைச் செய்யாது விட்டால் என்ன நேரும்? மிதந்தெழுந்த குழாய்க்கு மேலே சாந்து மெல்லியதாகும், அவ்விடம் வெடிக்கும். பக்கத்துப் பக்கம் சூடும் குளிரும் மாறி மாறிக் காலில் உறைக்கும். கம்பளம் விரிக்க வருபவன் அடிக்கும் ஆணி குழாயைத் துளைக்கும். பின்னர் நிலத்தை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அரை மீற்றருக்கு ஒரு கவ்வியை இடச் சோம்பியதன் விலை அது.

சில வேளைகளில் இதனினும் கொடிய விலையும் செலுத்த நேர்கின்றது. 2018 ஆம் ஆண்டு டிசம்பரில், தென் கொரியாவின் கிழக்குக் கரையிலுள்ள காங்னுங் நகரிலே, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதி முடித்த மாணவர் பதின்மர் ஒரு விடுதியில் ஓய்வெடுக்கத் தங்கினர். நிலத்துக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலனின் புகைக்குழாய் அதன் இணைப்பிலிருந்து விலகியிருந்தது. முன்னாளில் களிமண் வெடிப்பின் வழியே வந்த அதே காபனோரொட்சைட்டு, இப்போது அவ்விடைவெளியின் வழியே அறையை நிறைத்தது. மூவர் மாண்டனர். தகுதி பெறாதவரால் கொதிகலன் பொருத்தப்பட்டதும், புகைக்குழாயின் இணைப்பு முறைப்படி இறுக்கப்படாததும் விசாரணையிலே வெளியாயின. மாணவர் நடுவிலேயே வாழ்நாளைக் கழித்து வரும் என்போன்றோருக்கு, தேர்வு முடிந்த களிப்போடு புறப்படும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் முகம் எத்தகையது என்பது நன்கு தெரியும். அம்முகங்களை எண்ணும்போது, குழாயைப் பிணிப்பது ஒரு சிறு வேலை என்று சொல்ல நா எழவில்லை.

நேயர்களே, நம் உறவினர் குளிர் நாடுகளில் வாழ்வாராயின், கடிதத்திலோ தொலைபேசியிலோ அவர்களுக்கு இரண்டு சொற்களைச் சொல்லுங்கள். குடியிருக்கும் வீட்டில் கொதிகலன் இருப்பின், காபனோரொட்சைட்டை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவியொன்றை வாங்கி வைத்து, புகைக்குழாயை ஆண்டுதோறும் தகுதி பெற்றவரைக் கொண்டு பார்ப்பிக்கட்டும். புதிதாக வீடு கட்டுவாராயின், சாந்து வார்க்கும் நாளுக்கு முந்திய நாளில் தாமே சென்று, குழாய் ஓடும் வழியைப் படம் பிடித்து வைத்து, மானியின் முள்ளையும் பார்த்து வரட்டும். அந்த ஒரு நாள் கழிந்தால் அந்நிலத்தின் உட்பக்கத்தை மறுபடி பார்க்க இயலாது.

நம் நாட்டிலே நிலத்தைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் நீர்க்குழாயும் மின்கம்பியும் நம் சுவர்களிலும் மறைந்தே ஓடுகின்றன. தூணின் இரும்புக் கம்பி கொங்கிறீற்றினுள் மறைந்தே நிற்கின்றது. பூச்சுப் பூசியபின் நல்ல வேலையும் தீய வேலையும் கண்ணுக்கு ஒன்றே. அந்த வேறுபாட்டை அறிந்தவன், குனிந்து நின்று கவ்வியைக் குத்திய தொழிலாளி ஒருவனே. அவனுக்கு உரிய நேரத்தையும் நியாயமான கூலியையும் கொடுத்து, மூடுவதற்கு முன் அவன் செய்த வேலையை மதித்துப் பார்த்து வருவது வீட்டுக்காரரின் கடமை. எவரும் பாராத இடத்திலும் கவ்வியை ஒழுங்காகக் குத்துவது அவன் கடமை. இவ்விரு கடமைகளும் நிறைவேறிய வீட்டிலே பிள்ளைகள் அச்சமின்றி உறங்கலாம்.