மரகதம்

(காவேரிப்பாக்கத்தில் ஒரு பெயர்சூட்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்குழந்தைக்கு "மரகதம்" என்று பெயரிடும்படி பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே இடுகிறேன். ஆனால் சோசியர் சொல்லும் புதன் கிரகத்திற்காக அல்ல.

வலன் என்னும் அசுரனுடைய பித்தம் விழுந்து மரகதமாயிற்று என்கிறது கருட புராணம். அசுரன் பித்தத்தையா மகளுக்குப் பெயராக வைப்பது? பெரில் என்னும் கல்லில் குரோமியம் சிறிது சேர்ந்தால் பச்சை நிறம் வருகிறது, அவ்வளவே சங்கதி. பெயரும் தேவலோகத்திலிருந்து வந்ததன்று. கிரேக்கர் ஸ்மாரக்டோஸ் என்றனர். வடமொழியில் மரகத என்றனர். நாம் மரகதம் என்கிறோம். ஸ்பெயின் தேசத்தார் தம் பெண்களை எஸ்மெரால்டா என்றழைப்பதும் இதே சொல்தான்.

தோழர்களே! முத்து, பவளம், மரகதம் என்று பெண்ணுக்குப் பெயர் வைத்தோமே, காணி நிலம் கொடுத்தோமா? 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்கப்பட்டது. மகனோடு சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இலும், இந்தியா முழுமைக்கும் 2005இலும்தான் வந்தது. வந்தும் என்ன? அண்ணன்மார் தங்கையிடம் "விடுதலைப் பத்திரம்" எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். யாருக்கு ஐயா விடுதலை?

ஆகவே, தகப்பனாரே! மகளைப் பெட்டியில் பூட்டும் கல்லாக வளர்க்காதீர்கள். படிக்க வையுங்கள். இந்த ஏரிப் பாசன நிலத்தில் அவள் பங்கை அவள் பேருக்கே எழுதுங்கள். அன்றுதான் பெயர்சூட்டு விழா முடிந்ததாகும்.